அமிராலின் நீர்மூழ்கி

கடலையே பார்க்காத கப்பற்படை அருங்காட்சியகம் உலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது. எழுபதுகளில், பாகூர் பக்கம் எங்கள் ஊரில், கரும்புத் தோட்டத்துக்கு நடுவில். அதன் நிறுவனர், காவலர், வழிகாட்டி எல்லாம் ஒரே ஆள்: அமிரால்.

அமிரால் என்றால் பிரெஞ்சில் கப்பற்படைத் தலைவர். நம்மவர் பிரெஞ்சுக்காரன் கப்பலில் வெங்காயம் உரித்தவர். உரித்தது போர்க்கப்பலில் என்பதால் யாரும் அதை இளப்பமாகப் பேசிவிட முடியாது. ஊர் திரும்பும்போது ஒரு வெள்ளைத் தொப்பியும் ஒரு விசிலும் கொண்டுவந்தார்.

கொட்டகையில் மூன்றே பொருட்கள். பனித்திட்டு மீனவக் குப்பத்தில் விறகுக்குப் போகவிருந்த படகு, 'ஓய்வுபெற்ற போர்க்கப்பல்'. துருப்பிடித்த ஒரு நங்கூரம். நடுவில் அவருடைய உயிர்: காலித் தார் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, மேலே புகைக்குழாய் நட்டுச் செய்த நீர்மூழ்கிக் கப்பல். ஜனங்கள் உள்ளே எட்டிப் பார்க்கப் பீப்பாய்களின் மேல்பாதியில் வட்ட வட்டமாக ஜன்னல் வெட்டியிருந்தார்.

செருப்பைக் கழற்றி, சல்யூட் அடித்து, "ஏறலாமா?" என்று கேட்க வேண்டும். அவர் விசில் ஊதினால்தான் ஏறலாம். இந்தச் சட்டத்துக்கு அடங்காத ஒரே ஆள் அவர் மனைவி தனபாக்கியம். நேராகப் போய் நீர்மூழ்கியின் மேல் ஈரப்புடவையைக் காயப்போடுவார்.

"தண்ணியே பாக்காத கப்பலுக்கு இன்னாயா சல்யூட்டு? இந்த வருசம் இது மெதக்கல, இரும்புக்காரனுக்குப் போட்டுட்டு இங்க மாடு கட்டிருவேன், பாத்துக்க."

சொன்னால் செய்கிற பெண்மணி. அமிராலுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் பெருமாள் கோயில் தெப்பத்துக்கு அடியில் கட்டப் பீப்பாய் கிடைக்கவில்லை. விழாக்குழு மொத்தமும், ஜவுளிக்கடைக்காரனான நான் உட்பட, அமிராலிடம் போனோம். செருப்பைக் கழற்றி, சல்யூட்டும் அடித்துத்தான்.

"குடுக்கறேன். கொழாய் அப்படியே இருக்கணும். சாமி, அய்யரு, மேளம், நானு. அதுக்கு மேல ஆளு ஏறுனா ஜன்னலு வழியா தண்ணி பூந்துரும்."

"ஜன்னல அடைச்சிட்டா இன்னாபா?"

"ஒன் மூக்க அடைச்சிட்டு நீ இருப்பியா?"

சரி என்றோம். விழாக்குழு சரி என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன!

சாயங்காலம் குளக்கரை முழுக்க ஜனம். சாமி ஏறினார். பின்னாலேயே விழாக்குழுத் தலைவர் ஏறினார். தலைவர் ஏறினால் செயலாளர் சும்மா இருப்பாரா? அவர் ஏற, அவருடைய சம்பந்தி ஏற, பரிவட்டத்தோடு நானும் ஏறினேன். வேண்டாம் வேண்டாம் என்று அமிரால் விசில் ஊதினார். மேளக்காரர் அதற்கும் சேர்த்து வாசித்தார்.

முதல் சுற்றுப் பாதியில் குளம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. தெப்பம் சாய்ந்தது. அர்ச்சகர் ஒரு கையால் பெருமாளைக் கட்டிக்கொண்டு, மறுகையால் தீர்த்தச் செம்பில் தண்ணீரை இறைத்தார்.

"ஐயையோ! அமிராலு, இன்னா பண்றது?" தலைவர் அலறினார்.

"பாரத்த எறக்கணும்."

"எந்தப் பாரத்த?"

அமிரால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலைவரை மார்பளவுத் தண்ணீரில் தள்ளினார். அடுத்து செயலாளர். சம்பந்தி மரியாதையாகத் தானே குதித்துவிட்டார்.

"யோவ், நான் உபயதாரன்யா!" என்றேன்.

"எறங்குபா! சாமிக்கு எடம் வுடு!"

புது வேட்டியோடு விழுந்தேன். கரையில் அப்படி ஒரு கைதட்டல். எந்தத் தலைவர் மேடை ஏறியதற்கும் எங்கள் ஊர் அப்படித் தட்டியதில்லை.

ஜன்னல்கள் தண்ணீருக்கு மேலே வந்தன. நீர்மூழ்கி மூன்று சுற்றும் சுற்றிக் கரை சேர்ந்தது. சாமி இறங்கினார், அர்ச்சகர் இறங்கினார், மேளமும் இறங்கியது. அமிரால் மட்டும் புகைக்குழாயைப் பிடித்தபடி நின்றார். கப்பல்காரன் கடைசியில்தான் இறங்க வேண்டுமாம். இறங்கினால் அது மறுபடி பீப்பாய் ஆகிவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ! என்னைத் தள்ளிய மனுஷன்தான், ஆனாலும் எனக்குப் பாவமாக இருந்தது.

தனபாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். போச்சுடா என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார். கோணலாக ஒரு சல்யூட் அடித்தார்.

"ஏறலாமாங்க?"

அமிரால் விசிலை வாயில் வைத்தார். உதடு நடுங்கியதில் வெறும் காற்றுதான் வந்தது. சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்த நான், நாக்கை மடித்து அவருக்காக ஒரு விசில் அடித்தேன்.