ஏழாம் வாய்ப்பாடும் சேற்றில் விழும் கரடியும்

அன்பும் மரியாதையும் நிறைந்த சித்திக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லோரும் நலம். கரடியின் நலம்தான் சந்தேகம்.

நீங்கள் உருவாக்கிய வாய்ப்பாட்டு விளையாட்டைக் குழந்தைகள் பத்து நிமிடமாவது விடாமல் ஆடினால்தான் உங்கள் அலுவலகம் வெளியிடும், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்டிவிடுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கவலை வேண்டாம். மூன்று நாட்களாக நம் வீட்டுக் கணினி சூடு ஆறவில்லை. ஆனால் நோட்டும் கையுமாக உட்கார்ந்து கவனித்தவள் என்ற முறையில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சரியான விடையைத் தட்டினால் ஒரு நட்சத்திரம் வந்து, பல் வலிக்காரர் குரலில், "நன்று" என்கிறது. தவறாகத் தட்டினாலோ, சைக்கிளில் வரும் கரடி சேற்றில் தொபுக்கென்று விழுந்து, எழுந்து, பின்புறத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்க்கிறது பாருங்கள்! அந்தப் பார்வைக்காகத் தங்கை எல்லாவற்றையும் தப்பாகவே தட்ட, அவளைத் திருத்த வந்த அப்பா, நிலத்தை அங்குலம் பிசகாமல் அளக்கும் சர்வேயர், "ஏழெட்டு எழுபது" என்று தட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

"கணக்குச் சொல்லித் தரேன்னுட்டு கரடி விடுறீங்களா?"

"விடல, விழ வைக்கிறேன். நீயும் ஒண்ணு தட்டிப் பாரேன்."

அம்மா ஒன்றல்ல, நாற்பது முறை தட்டினாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அதிசயம் இனிமேல்தான். வாய்ப்பாடே தெரியாத தங்கை குத்துமதிப்பாகத் தட்டும்போது சில நேரம் விடை சரியாகிவிடும், கரடி விழாது. "ஐயோ, சரியாயிடுச்சே!" என்று தரையில் புரண்டு அழுவாள். கடைசியில், "அக்கா, எது சரின்னு சொல்லிக் குடு, அதை மட்டும் தட்டாம இருக்கேன்" என்று கெஞ்சி, ஒரே நாளில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகப் பாடம் செய்துவிட்டாள். ஒரு வருடமாக அவள் டீச்சரால் முடியாததைக் கரடி முடித்துவிட்டது! இதை உங்கள் மேலதிகாரியிடம் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் கரடி ஊர் ஊராக விழ வேண்டுமென்று வாழ்த்தும்,

உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது தங்கை பள்ளியிலிருந்து வந்தாள். மேலதிகாரியிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லிவிடாதீர்கள். இன்று ஏழாம் வாய்ப்பாட்டில் தேர்வாம். இருபதுக்குப் பூஜ்யம். ஒவ்வொரு விடையையும் கவனமாகத் தப்பாக எழுதி, டீச்சர் திருத்தும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அவங்க விழவே இல்லக்கா" என்று இன்னும் அழுகிறாள்.