கண்ணாயிரத்துக்குத் தெரிந்த நான்கு சொற்கள்

ஆடிப்பெருக்கன்று எதைத் தொடங்கினாலும் பெருகும் என்ற நம்பிக்கையில், செங்கல்பட்டு கண்ணாயிரம் அன்று காலை ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கினார்.

கார் கண்ணாடி செய்யும் அவருடைய கம்பெனி, சூப்பர்வைசர்களில் ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானிலுள்ள நகோயாவுக்கு அனுப்பப்போகிறது. டிசம்பர் முதல் ஞாயிறு ஊர் உலகமெங்கும் நடக்கும் ஜப்பானிய மொழித் தேர்வில் என்-ஐந்தையாவது தாண்டியவராக இருக்க வேண்டும். என்-ஐந்துக்குக் கீழே நிலை கிடையாது. இருந்திருந்தால் கண்ணாயிரம் அதைத்தான் கேட்டிருப்பார்.

"நாலு மாசம் என்கிட்ட ஒரு வேல சொல்லக் கூடாது ஜோதி," என்று மனைவியிடம் அறிவித்தார். "பாஸாயி பிளேன் ஏறுற வரைக்கும் நான் மாணவன்."

"சரி. ஃபெயிலாய்ட்டா?" என்றாள் ஜோதிலட்சுமி.

"நல்ல நாளும் அதுவுமா இன்னா வாய் இது!"

"கேட்டு வெச்சுக்கறேன். ஃபெயிலாய்ட்டா?"

"ஆய்ட்டா அடுத்த பரிட்ச வரைக்கும், ஜூலை வரைக்கும், சமையல் என்னுது. போதுமா?"

"போதும்ங்க," என்று அவள் அடக்கமாகச் சொன்னாள். அந்த அடக்கத்தை அப்போதே அவர் கவனித்திருக்க வேண்டும்.

வீட்டில் அவர் செய்துவந்த வேலைகள் இரண்டு. தண்ணீர் கேனைத் தூக்கி வைப்பது, குப்பை வண்டி விசிலுக்கு வாளியோடு ஓடுவது. இரண்டையும் ஜப்பானுக்காகத் துறந்தார்.

சனிக்கிழமைகளில் படூரில் கோதை மேடம் வகுப்பு. முதல் நாளே மேடம் மூன்று வழி சொன்னார். வீட்டிலுள்ள பொருள்களின் மீதெல்லாம் ஜப்பானியப் பெயரை எழுதி ஒட்டி, தொடும்போதெல்லாம் சொல்லிப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தையும் நோட்டில் நூறு முறை எழுதுங்கள். காலையில் அரை மணி நேரம் ஒலிப்பதிவைக் கேளுங்கள்.

கண்ணாயிரம் மூன்றையும் தட்டாமல் நிறைவேற்றினார். தன் முறைப்படி.

மேடம் கொடுத்த பட்டியலைப் பார்த்து வீடு முழுக்க அட்டை ஒட்டினார். வாணலி, அரிவாள்மனை, துடைப்பம், வாஷிங் மெஷின், ஜன்னல், அஞ்சறைப்பெட்டி, வரிசையாக நின்ற எவர்சில்வர் டப்பாக்கள் என்று ஒன்று விடவில்லை. அவர் தொட்ட பொருள்கள் நான்கு: நாற்காலி, ரிமோட், கட்டில், ஃபேன் சுவிட்ச். ஒரு மாதத்தில் அந்த நான்கும் தூக்கத்தில் கேட்டாலும் வந்தன. மற்றவற்றை யார் தொட்டார்கள் என்பது பற்றி அவர் யோசிக்கவில்லை. சமையலறையிலிருந்து மட்டும் அவ்வப்போது ஒரு முணுமுணுப்பு கேட்டது. "ஷியோ... சதோ... நாபே..." ஏதோ சுலோகம் என்று நினைத்தார்.

எழுத்துப் பயிற்சியில் அவருக்கு ஒரு நுட்பம் புலப்பட்டது. இந்தத் தேர்வில் ஓர் எழுத்துகூட எழுத வேண்டியதில்லை. பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்.

"அப்புறம் எதுக்கு நூறு தடவ? மேடம் நோட்டத்தானே பாக்கறாங்க. கொஞ்சம் எழுதிக் குடு ஜோதி. தேர்வு ஃபாரமும் நீயே நெட்ல போட்டுடு. ஒனக்குத்தான் பொறும ஜாஸ்தி."

"ஒங்களுக்கு வேற வேல கீதா?"

"யோசிச்சுக்கினு இருக்கேன்."

ஒரு சனிக்கிழமை மேடம் நோட்டைப் புரட்டி அசந்துபோனார். "சார், அச்சடிச்ச மாதிரி இருக்கு! போர்டுல ஒரு வரி எழுதுங்களேன்." கண்ணாயிரம் எழுதினார். பாதி வெந்த முறுக்கு பிய்ந்து விழுந்ததுபோல் ஏதோ ஒன்று போர்டில் உருவானது.

"இந்த நோட்டு யார் எழுதினது சார்?"

"மேடம், நின்னுகினு எழுதுனா எனக்கு வராது."

"அப்போ உக்காந்து எழுதினவங்க பேரு?"

கண்ணாயிரம் மனைவியின் பேரைச் சொன்னார். மேடம் குறித்துக்கொண்டார்.

ஒலிப்பதிவுக்குத்தான் அவர் அதிகம் மெனக்கெட்டார். தினம் காலை ஆறுக்கு ஸ்பீக்கரில் முழுச் சத்தமாக வைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். தூங்கும்போது காதில் விழுவது மூளையில் நேராகப் போய் உட்காருமாம். யாரோ ஒரு ஜப்பானியப் பெண்மணி நிதானமாகக் கேள்வி கேட்பார். கண்ணாயிரம் குறட்டையில் பதில் சொல்வார். சமையலறையிலிருந்து, இட்லி ஊற்றியபடி, இன்னொரு பதிலும் போகும்.

தேர்வு நாளன்று லோக்கல் டிரெயினில் இருவரும் சென்னைக்குப் போனார்கள்.

"நீ வெளிய நெழலாப் பாத்து உக்காரு. புளிசோத்து டப்பா பத்திரம்," என்றார் வாசலில்.

ஜோதிலட்சுமி பையிலிருந்து டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அதற்கடியிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்தாள்.

"இன்னாது இது?"

"ஒங்களுக்கு ஃபாரம் போட்டப்ப, பக்கத்துலயே எனக்கும் ஒண்ணு போட்டுட்டேன்."

"நீ எதுக்குடி ஜப்பானுக்கு?"

"ஜப்பானுக்கு இல்லீங்க. ஜூலைக்கு. அதுவரைக்கும் சமையல் ஒங்களுது, எனக்கும் ஒரு வேல வேணுமே."

முதல் இரண்டு பகுதிகளைக் கண்ணாயிரம் துணிச்சலாகக் கறுப்பாக்கினார். ஒரு கேள்வியில் நாற்காலி வந்தது. உறவினரைக் கண்டதுபோல் கண் கலங்கியது.

கடைசியாகக் கேட்டல் பகுதி. ஒருமுறைதான் ஒலிக்கும், திரும்பப் போடமாட்டார்கள் என்று எச்சரித்தார்கள். அறை அமைதியானது. ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்குரல் நிதானமாக "மொந்தாய் இச்சி" என்று முதல் கேள்வியை அறிவித்தது.

நான்கு மாதமாக எந்தக் குரலுக்குக் கண்ணை மூடினாரோ, அச்சுப் பிசகாமல் அதே மாதிரிக் குரல். கண்ணாயிரம் பென்சிலைக் கீழே வைத்தார். தலை சாய்ந்தது. கண்காணிப்பாளர் வந்து தோளைத் தட்டி விடைத்தாளைக் கேட்டபோதுதான் விழித்தார். பதற்றத்தில் கையெட்டிய வட்டங்களைக் கறுப்பாக்கிக் கொடுத்தார்.

ஜனவரிக் கடைசியில் முடிவு வந்தது. ஜோதிலட்சுமி தேர்ச்சி, நூற்று எண்பதுக்கு நூற்று ஐம்பத்தொன்று. கண்ணாயிரம் தோல்வி, கேட்டலில் அறுபதுக்குப் பதினொன்று. அதை அவள் இரண்டு முறை வாசித்தாள். கல்யாணமான பதினாலு வருஷமாக அவளுக்குத் தெரிந்த மார்க்தான்.

நகோயாவுக்கு வேறு சூப்பர்வைசர் போனார். புது மாணவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கக் கோதை மேடம் ஜோதிலட்சுமியைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அவள் வகுப்புக்குப் போகும் முதல் சனிக்கிழமை காலை. கண்ணாயிரம் சமையலறையில் நின்றார். எதிரே பன்னிரண்டு எவர்சில்வர் டப்பாக்கள் ஒரே அச்சாக நின்றன.

"ஜோதி, உப்பு எதுல கீது?"

"எழுதி ஒட்டிக் கீதே."

"எனக்கு அது..."

"நீங்கதானே ஒட்டுனீங்க?"

தொட்டு நாக்கில் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. ஆறாவது டப்பா சோடா மாவு. வாயைக் கொப்பளித்துவிட்டு, சற்று ஆசுவாசமாக உட்காரலாம் என்று கூடத்துக்கு வந்தார். நாற்காலியில் அட்டையைக் காணோம். ரிமோட்டில் இல்லை. கட்டிலில் இல்லை. ஃபேன் சுவிட்சிலும் இல்லை.

"இந்த நாலுத்துல மட்டும் ஏன் கிழிச்ச?"

ஜோதிலட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அது நாலும்தான் ஒங்களுக்கு மனப்பாடமாச்சே. இனிமே அந்தப் பக்கம் ஒங்களுக்கு இன்னா வேல?"