விளிம்புப் பாறையில் ஒரு குடும்பப் படம்

இந்த முறை மனைவியிடம் 'முடியாது' என்று சொல்லிவிடுவது என்று லிஃப்ட்காரர் பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டார். முணுமுணுப்பாக அல்ல, அழுத்தந்திருத்தமாக. கண்ணாடியைப் பார்த்து இரண்டு தடவை சொல்லியும் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. கண்ணாடியிடம் அவர் பேச்சு எப்போதுமே எடுபடும்.

விஷயம் இதுதான். முந்தின நாள் சாயங்காலம் மனைவி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மலை உச்சி. அங்கே நாக்கை நீட்டின மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதன் விளிம்பில் யாரோ ஒரு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலுக்குக் கீழே மேகம். மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியவில்லை. லிஃப்ட்காரருக்குத் தெரிந்தது.

"நாமளும் இதே மாதிரி ஒண்ணு எடுத்துக்கணும்" என்றாள் மனைவி.

ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். நாள் முழுக்க மேலே போவார், கீழே வருவார். 'எங்க மாமா அளவுக்கு உயரம் ஏறினவங்க நம்ம சொந்தத்துலயே கிடையாது' என்று மைத்துனன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வான். உண்மை வேறு. லிஃப்டுக்கு நாலு சுவர் உண்டு. சுவர் இருந்தால் இருபதாவது மாடியும் அவருக்குத் தரைதான். சுவர் இல்லாவிட்டால் ஸ்டூலே மலைதான். லிஃப்டின் கூரைமேல் ஏறிச் செய்யவேண்டிய வேலை வந்தால், "சின்னப் பசங்க கத்துக்கட்டும்" என்று பெருந்தன்மையாக ஒதுங்கிக்கொள்வார். கண்ணாடி லிஃப்டில் போனால் கதவைப் பார்த்தபடியே நிற்பார். வீட்டில் பல்பு மாற்ற ஏறுவது மனைவிதான். "உன் கை ராசியான கை" என்று கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். இந்த ரகசியம் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

பல் துலக்கிய வேகத்தோடு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். மனைவி ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஊசி போடும் நர்ஸ். சீருடை போட்டுக்கொண்டு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எதிரே மகள்.

"அந்த மலை விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

"முடி..."

"முடி வெட்டிக்கணும், ஆமா. நானே சொல்லணும்னு இருந்தேன்."

"அது இல்லம்மா. லீவு கிடைக்காது."

"உங்க மேனேஜர்கிட்ட பேசிட்டேன். அவர் பேத்திக்கு நான்தானே ஊசி போடறேன். 'தாராளமா கூட்டிட்டுப் போங்க சிஸ்டர்'னுட்டாரு."

"எனக்கு இடுப்பு வலி வேற..."

"எந்த இடத்துல?" மனைவி கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"இப்ப இல்ல. போன மாசம் இருந்துது."

"நல்லதாப் போச்சு."

"சரி, ஒண்ணு பண்ணலாம். நீங்க ரெண்டு பேரும் பாறையில உட்காருங்க. நான் இந்தப் பக்கம் நின்னு பிரமாதமா எடுத்துத் தரேன்."

மனைவி ரொட்டியைத் தட்டில் வைத்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இத்தனை வருஷமா நீங்கதான் எடுத்தீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்க. நான் இருக்கேன், இவ இருக்கா, என் தங்கச்சி இருக்கா. பக்கத்து வீட்டு நாய்கூட நாலு படத்துல இருக்கு. நீங்க எங்க இருக்கீங்க?"

"ஒண்ணுல இருக்கேனே."

"அது உங்க கட்டை விரல்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இவ அடுத்த மாசம் ஹாஸ்டலுக்குப் போறா. ரூம்ல மாட்டிக்க ஒரு படம் கேட்டா. நாம மூணு பேரும் சேர்ந்து இருக்கற படம் இந்த வீட்ல ஒண்ணுகூட இல்ல."

"அப்பா முறைக்காத படமா இருந்தா நல்லாயிருக்கும்" என்று மகள் மெதுவாகச் சேர்த்தாள்.

அதுவும் நியாயம்தான். கேமராவைப் பார்த்தால் லிஃப்ட்காரரின் முகம் கல்லாகிவிடும். கல்யாணப் படத்தில் மாலையும் கழுத்துமாக, தீர்ப்பு கேட்கக் காத்திருப்பவர்போல நிற்கிறார். அன்றிலிருந்து கேமராவுக்குப் பின்னால் போனவர், முன்னால் வரவே இல்லை. இப்போது மகள் முகத்தைப் பார்த்தார். இந்தப் பெண் இல்லாமல் இந்த மேசை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். இவளுக்காக எது வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது, அந்தப் பாறை ஒன்றைத் தவிர.

"போலாம்" என்றது வாய். காலையில் கண்ணாடி முன்னால் பழகிய அதே வாய்.

ஆனால் மனிதர் அத்தனை லேசில் விடுகிறவர் இல்லை. மனைவி பேசி வைத்திருந்த புகைப்படக்காரர் தாடி வைத்த இளைஞர். நாலாவது மாடியில் குடியிருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று மனைவியே ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையோடு லிஃப்ட்காரர் கிளம்பினார். கடைக்குப் போகிறவருக்குக் கருவிப் பை எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்காததை அவர் கவனிக்கவில்லை.

"தம்பி, ஒரு உதவி. மலைக்குப் போனதும் நீங்க பாறையைப் பார்த்து, 'இன்னிக்குக் காத்து ஜாஸ்தி, அங்க போறது ஆபத்து, புல்வெளியிலயே எடுத்துக்கலாம்'னு சொல்லணும். நீங்களா சொல்ற மாதிரி."

"அக்கா கோவிச்சுக்குவாங்களே சார்."

"உங்க லிஃப்ட் நின்னு எவ்வளவு நாளாச்சு?"

இளைஞர் தாடியைத் தடவினார். "அதை ஏன் சார் கேக்கறீங்க. பெட்டி, ஸ்டாண்டு, லைட்டு எல்லாத்தையும் தூக்கிட்டு ஏறி இறங்கி முட்டியே போச்சு."

மதியத்துக்குள் லிஃப்ட் ஓடியது. கதவு சரியாக மூடாத கோளாறுதான். கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் வரிசை கட்டி மேலும் கீழும் போய் வந்து கும்மாளமடித்தார்கள். புகைப்படக்காரர் அவர் கையைக் குலுக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒண்ணு மட்டும் சார். நான் ஆபத்துன்னு சொன்னதும் நீங்க கொஞ்சம் வருத்தப்படணும். இல்லேன்னா அக்காவுக்குச் சந்தேகம் வந்துடும்."

நல்ல யோசனை என்று பட்டது. அந்த வாரம் முழுக்க, இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டை நிறுத்திவைத்துக்கொண்டு தனியாக வருத்தப்பட்டுப் பழகினார்.

குறித்த நாளில் ஜீப் மலை ஏறியது. மனைவி பின்னிய நீல ஸ்வெட்டரை மூன்று பேரும் போட்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் நடுவில் உட்கார்ந்து, வழி நெடுக டிரைவரின் பிடரியை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தார். மேலே போய் இறங்கியதும் விரிந்த புல்வெளி. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை ஒன்று வளைந்து வளைந்து ஏறியது. அதன் முடிவில்தான் பாறை.

புகைப்படக்காரர் வானத்தைப் பார்த்தார். சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தார். "அக்கா, காத்து ஜாஸ்தியா இருக்கு. பாறை ஆபத்து. புல்வெளியிலயே எடுத்துக்கலாமே."

"என்னது!" என்றார் லிஃப்ட்காரர்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வாரப் பயிற்சி வீணாகக்கூடாதே.

"பாறை இல்லையா? ஐயையோ! ராத்திரி பகலா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேனே! காலைத் தொங்கப்போடறப்போ நல்லாத் தெரியணும்னு புது ஷூ வாங்கினேனே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த குதிரை ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், உங்களுக்கு இவ்வளவு ஆசை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. எழுந்திரிங்க. என்ன ஆனாலும் சரி, போறோம்."

"வேண்டாம்மா! ஆபத்துன்னு சொல்றாரே!"

"நாள் பூரா மேல போயிட்டு வர்றவருக்கு இது ஒரு உயரமா?"

"எனக்கென்ன வந்துது? உங்க ரெண்டு பேருக்காகச் சொல்றேன்."

"நீங்க பக்கத்துல இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம்?"

லிஃப்ட்காரர் புகைப்படக்காரரைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினார். அவர் விரலை எச்சில் படுத்திக் காற்றில் நீட்டினார்.

"இப்பக் கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருக்கு சார்" என்றார் துரோகி. பெரிய லென்ஸைக் கேமராவில் மாட்டிக்கொண்டு, "நான் அந்த மேட்டு வழியா வரேன், நீங்க நடங்க" என்று போயே போய்விட்டார்.

ஒரு கையை மனைவி பிடித்துக்கொண்டாள். மறு கையை மகள். லிஃப்ட்காரர் மகளின் காலணியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். பாதைக்கு வலது பக்கத்தில் எதுவும் இல்லை என்பது பார்க்காமலே தெரிந்தது. காது அடைத்தது.

"அப்பா, ஏன் கை இப்படி வேர்க்குது?"

"வெயில்மா."

வெயிலே இல்லை. மேகம் காதோரமாகப் போய்க்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. 'எனக்கு உயரம்னா பயம்.' சின்ன வாக்கியம்தான். ஆனால் முன்பின் தெரியாத ஊரில், தெரியாத அறையில் தனியாக இருக்கப் போகிற பெண். அப்பா எதற்கும் பயப்படாதவர் என்ற நினைப்பாவது அவளுக்குத் துணைக்கு இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது, அதற்குமேல் நடப்பது நடக்கட்டும் என்று தீர்மானித்தார். காலையில் செய்கிற தீர்மானங்களைப் போல இல்லை இது. இதை நிறைவேற்றியே விடுவார் என்று அவருக்கே தெரிந்ததால்தான் அத்தனை நடுக்கம்.

கடைசி வளைவு வந்தது. மகளின் காலணி நின்றது. லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

எதிரே இரும்பு வேலி. நெஞ்சு உயரம். நடுவில் கதவு. கதவில் உள்ளங்கை அகலப் பூட்டு. பாறை எங்கேயோ அந்தப் பக்கம், வேலியிலிருந்து வெகு தூரத்தில், தன் பாட்டுக்குத் துருத்திக்கொண்டிருந்தது.

அவர் வேலியைத் தொட்டார். பிடித்து உலுக்கினார். அசையவில்லை.

"பூட்டியிருக்கு!" என்றார்.

வயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. அழுகை என்றுதான் முதலில் நினைத்தார். வெளியே வந்தபோது சிரிப்பாக இருந்தது.

"பூட்டியிருக்குடா கண்ணு! பூட்டியிருக்கு! பார்த்தியாம்மா, எவ்வளவு பெரிய பூட்டு!"

மனைவியை ஒரு கையாலும் மகளை ஒரு கையாலும் இழுத்து அணைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மகள் சிரித்தாள். இரண்டு பேரையும் பார்த்து மனைவி சிரித்தாள். காற்று மூன்று பேர் தலைமுடியையும் கலைத்துவிட்டுப் போனது.

"முடிஞ்சுது சார்!" என்று மேட்டிலிருந்து குரல் வந்தது.

"என்ன முடிஞ்சுது?"

புகைப்படக்காரர் இறங்கி வந்து கேமராவின் திரையைக் காட்டினார். மூன்று நீல ஸ்வெட்டர். பின்னால் மலையும் மேகமும். நடுவில் ஒரு மனிதர் இருந்தார். அத்தனை பல்லும் தெரிய, தலை கலைந்து, உலகத்திலேயே அதிக சந்தோஷக்காரர்போல. அது தான்தான் என்று புரிய லிஃப்ட்காரருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"இதுதான்பா எங்க அப்பா" என்றாள் மகள். திரையை விட்டு அவள் கண் நகரவில்லை. "வீட்ல இருக்கற மாதிரியே இருக்கீங்க." சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

நிமிர்ந்தபோது பூட்டு கண்ணில் பட்டது. அதில் துரு ஏறியிருந்தது. பூட்டைச் சுற்றிக் கொடி படர்ந்து, பூவும் பூத்திருந்தது.

"இது... இன்னிக்குப் பூட்டினது இல்லையே?"

"பூட்டிப் பல வருஷம் ஆச்சு" என்றாள் மனைவி. "நான் காட்டினது பழைய படம்."

"தெரிஞ்சேவா கூட்டிட்டு வந்தே?"

"தினமும் பாக்கறேனே. ஊசி ஊசின்னு நடுங்கிட்டு வர்ற பிள்ளைங்க, எல்லாம் முடிஞ்சுதுன்னு தெரிஞ்சதும், கண்ணுல தண்ணியோட சிரிக்கும் பாருங்க, அந்தச் சிரிப்பு எந்த ஸ்டுடியோவுலயும் கிடைக்காது. உங்க மூஞ்சியில அதை வரவழைக்க எனக்கு வேற வழி தெரியல."

லிஃப்ட்காரர் புகைப்படக்காரர் பக்கம் திரும்பினார். அவர் லென்ஸைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

"தம்பி, நீங்க எனக்கு வாக்குக் கொடுத்தீங்க. நான் லிஃப்ட் சரி பண்ணித் தந்தேன்."

"லிஃப்ட் ஜோரா ஓடுது சார். அக்கா அப்பவே சொன்னாங்க, 'படத்துக்குக் கூலியா அதை வச்சுக்க, ஞாயித்துக்கிழமை ஆள் தானா வருவாரு'ன்னு."

வருத்தப்படச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே விளங்கிவிட்டது. மகள் சிரிப்பை அடக்க முடியாமல் பாதையில் முன்னால் ஓடினாள். லிஃப்ட்காரர் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மலைப்பக்கமாகவே ஒட்டி ஒட்டி நடந்தார். இனி மறைத்துத்தான் என்ன ஆகப்போகிறது.

பாதி வழி வந்ததும் மெதுவாகக் கேட்டார். "எனக்கு உயரம்னா பயம்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"எங்க ஆஸ்பத்திரி மொட்டைமாடிக்கு என்னைக் கூப்பிட்டு, தண்ணித் தொட்டியோட பல்லி மாதிரி ஒட்டி நின்னுக்கிட்டு, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டீங்களே, அன்னிக்கே தெரியும்" என்றாள் மனைவி. "உங்களைச் சீக்கிரமாக் கீழ இறக்கணுமேன்னுதான் நான் சரின்னே சொன்னேன்."