ஐம்பது செக்கன் கோப்பி

தலையில் கடைத் தொப்பியோடு, கொட்டும் மழையில், ஹட்டன் பஸ் நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். முன்னால் ஒரே குடைக்குள் ஒரு அம்மாவும் மகளும். நான் பின்னால் வருவதைப் பார்த்ததும் குடை வேகமெடுத்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அந்தக் கோப்பிக்கடை பதினோராவது வேலை. (முந்திய பத்தையும் நானாகத்தான் விட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். மூன்றில் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.) ஆனால் இங்கே நான் ராஜா. பில் போட்டதும் மேலே திரையில் நேரம் ஓடும்; மூன்று நிமிடம் தாண்டினால் சிவப்பு. என் திரை சிவந்ததே இல்லை. நான் பில் போடும்வரை யாருக்கும் நேரமே ஓடாது, அவ்வளவுதான் ரகசியம்.

அன்று சுற்றுலா வந்தவர்கள் மொய்த்தார்கள். பறந்து பறந்து கொடுத்தேன். இந்த அம்மாவும் மகளும் சுவரோரம் நின்றார்கள். தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் வாசலில் பேர் கூப்பிடும்வரை நிற்போமே, அப்படி. தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு அது விளங்கியிருக்க வேண்டும். மழைக்கு ஒதுங்கியவர்கள் என்று நினைத்து, “குடைத் தண்ணி உள்ள சொட்டாம நில்லுங்க” என்று வேறு சொன்னேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மகள் வந்தாள்.

“எங்க பேர எப்பங்க கூப்பிடுவீங்க?”

“இங்க பேரெல்லாம் கூப்பிட மாட்டோம். நீங்கதான் வந்து கேக்கணும்.”

அவள் திரும்பினாள். “அம்மா, தரகர் சொன்ன மாப்பிள்ளைக்கு வாய் இருக்கு!”

தரகர் எனக்குச் சொல்லியிருந்த நோர்வூட் பெண்! அவர்கள் என் போட்டோவைப் பார்த்திருந்தார்கள். நான் அவள் போட்டோவைப் பார்க்கவில்லை. (பார்க்காமலே சம்மதம் சொல்லியிருந்தேன். என் நிலைமை அப்படி.)

பதறிப்போய் பில் போட்டு, ஐம்பது செக்கனில் இரண்டு கோப்பியை நீட்டினேன். அம்மா ஊதி ஊதிக் குடித்தார்.

“நல்லா இருக்குங்க தம்பி.”

“அம்மா, இது வெறும் சுடுதண்ணி.”

“டவுன் கோப்பி அப்படித்தான் இருக்கும். பேசாம குடி!”

அந்த நேரம் பார்த்து, திரையைக் கவனித்த கொழும்பு மனேஜர் கைதட்டினார். “மல்லி, ரெக்கோட்!” (சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.)

பெண்கள் இருவரும் கோப்பையை வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். நான் கவுண்டரைத் தாண்டிக் குதித்தேன்.

பஸ் நிலையத்தில் பிடித்துவிட்டேன். “மன்னிச்சிருங்கம்மா.”

“வேலைய விட்டுட்டா வந்தீங்க?” அம்மா தலையில் கைவைத்தார். “டவுன்ல உத்தியோகம்னுதானே பாக்க வந்தோம்!”

மகள் சிரிப்பை அடக்கினாள். “நின்ன நேரத்துக்கு நான் அஞ்சு கிலோ கொழுந்து எடுத்திருப்பேன். எங்க ஊரு தேத்தண்ணிக் கடையில ஆள் தேடுறாங்க. மொதல்ல அங்க சேருங்க. அப்புறம் தரகர அனுப்புங்க, பாப்போம்.”

அவள் பெயர் சாந்தி. இன்றும் அவள் சொன்ன வேலையை நான் இழுத்தடித்தால் பிள்ளைகளிடம் சொல்வாள்: “அப்பா இன்னும் பில் போடல.”

அந்த மழைக்கு மறுநாள் விடியும்போதே நோர்வூட் கடை வாசலில் நின்றேன்.

“முன்ன எங்க வேல?” என்றார் முதலாளி.

“ஹட்டன்ல, கோப்பிக்கடையில. வேகத்துல ரெக்கோட் வச்சிருக்கேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சுடுதண்ணி குடுத்தது நீதானா?”

தலையாட்டினேன். கிளாஸ் கழுவும் வேலை கொடுத்தார்.