சகலை செய்த கார்டு

"ஒட்டிக்கிச்சு" என்றார் சூப்பர்வைசர், போனில்.

"நல்லதுதானே அண்ணே! ஒட்டணும்னுதானே பார்த்தீங்க?" என்றார் மறுமுனையில் சகலை.

"கார்டு இல்லப்பா. கை. என் இடது கை சாப்பாட்டு மேசையோட ஒட்டிக்கிச்சு."

"இழுத்துப் பாருங்களேன்."

"இழுத்தா மேசை வருது."

சூப்பர்வைசர் வேலை பார்ப்பது அட்டைப்பெட்டி கம்பெனியில். பெட்டி ஒட்டும் பசையை அங்கிருந்து ஒரு பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்திருந்தார். ஃப்ரிட்ஜையே தாங்கும் பெட்டிக்கான பசை அது. அதற்கு அவர் உள்ளங்கை எம்மாத்திரம்?

இத்தனை பாடும் எதற்கு? மனைவிக்கு இன்று பிறந்த நாள். அந்த அம்மாள் நகையா கேட்டாள், நட்டா கேட்டாள்? ஒரு வாழ்த்துக் கார்டு கேட்டாள். அதுவும் கையால் செய்த கார்டு. எல்லாம் இந்தச் சகலை கிளப்பிவிட்ட வினை.

மனைவியின் தங்கைக்குப் போன மாதம் பிறந்த நாள் வந்தது. அவள் புருஷனான இந்தச் சகலை, டயர் கடையில் டயர் விற்கிற மனுஷன், கையாலேயே ஒரு கார்டு செய்து கொடுத்துவிட்டார். திறந்தால் தாமரை மாதிரி விரியும். உள்ளேயிருந்து குட்டிக் குட்டிக் காகிதப் பறவைகள் எழும்பும். நடுவில் புருஷன் பெண்டாட்டி போட்டோ. குடும்ப வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்த நாளிலிருந்து சூப்பர்வைசருக்கு வீட்டில் நிம்மதி இல்லை.

மனைவி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிக் காட்டினாள்.

"பார்த்தீங்களா? இதுக்குப் பேருதான் மனசு."

"பார்த்தேன்."

"அவர் டயர் விக்கிறவர். நீங்க காலையில இருந்து சாயந்தரம் வரைக்கும் காகிதத்தோடயே குடித்தனம் பண்றவர். எனக்கு ஒரு துண்டுக் காகிதம் மடிச்சுக் குடுத்திருக்கீங்களா?"

போன பிறந்த நாளுக்கு அவர் வாங்கிக் கொடுத்தது எடை பார்க்கும் மெஷின். கொடுத்ததோடு சும்மா இருந்தாரா? "நல்லா ஏறி நில்லு, பயப்படாதே, நூத்தம்பது கிலோ வரைக்கும் தாங்கும்" என்று வேறு சொல்லித் தொலைத்தார். மெஷின் கட்டிலுக்கு அடியில் போயிற்று. அவர் ஹால் சோபாவுக்குப் போனார்.

இந்த வருஷம் மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"கடையில வாங்கினது எதுவும் எனக்கு வேண்டாம். எனக்காக உக்காந்து, உங்க கையால ஒண்ணு செஞ்சு குடுங்க. முடியலேன்னா விட்டுடுங்க. இனிமே என் பிறந்த நாள் உங்களுக்கு ஞாபகமே வர வேண்டாம்."

கத்தியிருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார். அவள் கத்தவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னாள், சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதனால்தான் இன்றைக்கு லீவு போட்டார். கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனில் உட்காரும் மனைவி சாயந்தரம் வந்துவிடுவாள். அதற்குள் கார்டு முடியவேண்டும்.

"வெந்நீர் ஊத்திப் பாருங்க அண்ணே" என்றார் சகலை.

ஒரு கையால் மேசையையும் இழுத்துக்கொண்டு சமையலறை வரை போய் வெந்நீர் வைத்தார். ஊற்றினார். கை வந்துவிட்டது. கையோடு மேசையின் பாலிஷும் வந்துவிட்டது. தேக்கு நிறத்தின் நடுவே ஐந்து விரலோடு ஒரு வெள்ளைக் கை பளிச்சென்று தெரிந்தது. மனைவி தன் முதல் சம்பளத்தில் வாங்கிய மேசை அது. டம்ளர் வைத்தால்கூட அடியில் துணி போட வேண்டும்.

"சகலை, மேசையில கை விழுந்திருச்சு."

"மேல ஏதாவது விரிச்சு மூடிடுங்க அண்ணே."

மனைவி பின்னல் போட்ட விரிப்பை எடுத்து விரித்தார். அது கோணலாக விழுந்தது. நேராக்கலாம் என்று இழுத்தார். அடியில் மிச்சமிருந்த பசை அதையும் பிடித்துக்கொண்டது. இனி அது ஜென்மத்துக்கும் கோணல் விரிப்புதான்.

சரி, போகட்டும், கார்டைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தார். கம்பெனி அட்டையில் பறவை வெட்டினார். அந்தப் பறவை குத்துக்கல் மாதிரி நின்றது. நான்கு பறவை வைத்ததும் கார்டு மூட மறுத்தது. மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் மூடவில்லை.

மறுபடியும் போன்.

"நீ எந்தப் பேப்பர்ல செஞ்சே சகலை?"

"அது வந்து... பேப்பர்லதான் அண்ணே."

"என்ன பேப்பர்னு கேக்குறேன்."

"நல்ல பேப்பர்."

"பறவை எப்படி எழும்புச்சு? உள்ள என்ன மடிப்பு வச்சே?"

"அன்பா மடிச்சா தானா எழும்பும் அண்ணே. ஒரு கஸ்டமர் வந்திருக்கார், அப்புறம் பேசறேன்."

கலைஞர்கள் தொழில் ரகசியத்தை லேசில் விடமாட்டார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டார் சூப்பர்வைசர்.

தெருமுனையில் ஸ்டேஷனரி கடை இருக்கிறது. கலர் பேப்பர் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் அங்கே போனால் கடையில் வாங்கியதாகிவிடுமே! வாக்கு என்றால் வாக்கு. மெல்லிய காகிதத்துக்கு வழி அவருக்குத் தெரியாதா என்ன? பெட்டி அட்டை என்பது இரண்டு தாளுக்கு நடுவே நெளிநெளியாக ஒரு தாள். தண்ணீரில் ஊறப்போட்டால் மூன்றும் தனித்தனியாகக் கழன்று வரும். இது கம்பெனியில் அவர் ஒருவருக்கே தெரிந்த நுணுக்கம் என்று அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

பரணில் இருந்த பெட்டிகளையெல்லாம் காலி செய்தார். சாமான்கள் கட்டிலில் மலையாகக் குவிந்தன. பெட்டிகளைக் குளியலறையில் பரப்பிக் குழாயைத் திறந்துவிட்டு, கல்யாண ஆல்பத்தில் போட்டோ தேட உட்கார்ந்தார்.

ஆல்பம் முழுக்க இரண்டு பேரும் பரீட்சைக்கு வந்தவர்கள் மாதிரிதான் முழித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு படத்தில் மட்டும் மனைவி அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். அதை உருவி, அளவு எடுத்து, கம்பெனி வழக்கப்படி நடுவில் மடிப்புக்கோடு அழுத்தினார். அழுத்திய பிறகுதான் பார்த்தார். கோடு மனைவியின் மூக்கு வழியாகப் போயிருந்தது. கார்டை மூடினால் மூக்கு உள்ளே போகும். திறந்தால் வெளியே வரும்.

அடக் கடவுளே என்று தலையில் கை வைத்த நேரம் காலிங்பெல் அடித்தது. கீழ்வீட்டு டிரைவிங் மாஸ்டர் நின்றிருந்தார்.

"சார், எங்க கிச்சன் சீலிங்ல இருந்து ஏதோ இறங்குது. தண்ணின்னு சொல்ல முடியல. கூழா இருக்கு."

குளியலறைக்கு ஓடினார்கள். பெட்டிகள் ஊறிக் கரைந்து, குழம்பி, வடிகாலை அடைத்திருந்தன. தண்ணீர் ஹால் வரைக்கும் சுற்றிப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

"பதறாதீங்க சார்" என்றார் மாஸ்டர், தினமும் பத்துப் பேரிடம் சொல்லிப் பழகிய குரலில். "குழாயை ரைட்ல திருப்புங்க. மெதுவா. மெதுவா சார்! அது லெஃப்ட்டு! ரைட்டு, ரைட்டு!"

திருகிய குழாய்ப்பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரை வரைக்கும் பீறிட்டு அடித்தது. மாஸ்டர்தான் மாடிக்கு ஓடி டேங்க் வால்வை மூடினார். இரண்டு பேரும் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நின்றார்கள்.

"என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"பிறந்த நாள் கார்டு."

மாஸ்டர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் படியிறங்கிவிட்டார்.

கரையாமல் தப்பித்த தாள்களைப் பொறுக்கி எடுத்தார் சூப்பர்வைசர். அதை மனைவியின் ஹேர் டிரையரால் காயவைத்தார். தாள் காய்ந்தது, டிரையர் தீய்ந்தது. பறவைக்குக் கலர் வேண்டாமா? மனைவியின் புது லிப்ஸ்டிக்கை எடுத்துச் சிவப்புத் தீட்டினார். இரண்டாவது பறவையிலேயே லிப்ஸ்டிக் தேய்ந்து மொட்டையாகிவிட்டது. மீதிப் பறவைகளுக்கு அவளுடைய நெயில் பாலிஷ். சிறகுக்கு அடியில் நெளித்தாளை ஸ்பிரிங் மாதிரி மடித்து வைத்தார். இந்தத் தடவை கார்டு மூடியது. ஓரமெல்லாம் மடித்துச் செருகிப் பெட்டிப் பூட்டு போட்டார். மாடியிலிருந்து போட்டாலும் திறக்காது.

உள்ளே ஏதாவது எழுதவேண்டுமே! கவிதையா வரும் அவருக்கு? ரொம்ப நேரம் பேனாவைக் கடித்தார். பிறகு மனசில் பட்டதை எழுதினார்.

'நீ இல்லைன்னா இந்த வீடு எனக்குக் காலிப் பெட்டி.'

எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மனைவி உள்ளே வந்தாள். ஈர ஹாலைப் பார்த்தாள். கோணல் விரிப்பை நேராக்க இழுத்தாள், வரவில்லை. கட்டில்மேல் மலையைப் பார்த்தாள். மொட்டை லிப்ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள். வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் கார்டை நீட்டினார்.

"பிறந்த நாள் வாழ்த்துகள். கையாலேயே செஞ்சேன்."

அவள் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, அவர் பார்த்தார். கார்டை வாங்கித் தடவிப் பார்த்தாள். பிறகு மேலட்டையில் அச்சிட்டிருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"'கனமான பொருள். இருவர் சேர்ந்து தூக்கவும்.'"

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். இருந்தது. கம்பெனி அச்சு. வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து அந்த எழுத்து அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

"போன வருஷம் மெஷின் குடுத்தீங்க. இந்த வருஷம் ரிசல்ட்டா?"

"ஐயையோ, அது அட்டையோட வந்தது! உள்ள பாரு, உள்ள பாரு!"

பூட்டு லேசில் திறக்கவில்லை. அவள் நகத்தால் நெம்பினாள். திறந்ததும் நெளித்தாள் ஸ்பிரிங் விட்ட வேகத்தில் ஒரு பறவை கிளம்பி வந்து அவள் நெற்றியில் அடித்து, நெயில் பாலிஷ் ஈரத்தோடு அங்கேயே ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒட்டியிருந்த போட்டோவில் அவள் மூக்கு மட்டும் தனியாக எழுந்து நின்றது.

நெற்றியில் பறவையோடு அவள் அந்த ஒரு வரியைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். உதடு லேசாகத் துடித்தது. அதை அவர் பார்த்துவிடக்கூடாதே என்று குரலை உயர்த்தினாள்.

"இது நல்லாத்தான் இருக்கு. அதுக்காக? வீட்டை இப்படியா பண்ணி வைப்பாங்க? என் தங்கச்சி புருஷனும்தான் செஞ்சார். அவர் வீட்டுல தண்ணி ஒழுகிச்சா? மேசை போச்சா?"

அவ்வளவுதான். காலையிலிருந்து அடக்கி வைத்தது சூப்பர்வைசருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் சொன்னதைக் கேட்டுத்தான் இத்தனையும் ஆச்சு! வெந்நீர் அவன் சொன்னான், விரிப்பு அவன் சொன்னான். இரு, அவனையே கேக்குறேன்!"

"இப்ப எதுக்கு அவருக்குப் போன்?" மனைவியின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "பாவம், கடையில வேலையா இருப்பார். வைங்க. நான் வேணா தரையைத் துடைக்கிறேன்."

"முடியாது." போனை ஸ்பீக்கரில் போட்டார். "சகலை! உன்னை நம்பினதுக்கு என் குடியே முழுகிப் போச்சு. இப்பவே கிளம்பி உன் வீட்டுக்கு வர்றேன். என் கண்ணு முன்னாடி, உன் பொண்டாட்டி முன்னாடி, அதே மாதிரி இன்னொரு கார்டு நீ செஞ்சு காட்டணும்!"

மனைவி போனைப் பறிக்கக் கையை நீட்டினாள். சகலை முந்திக்கொண்டு அலறினார்.

"அண்ணே, வந்துடாதீங்க, எனக்குப் பேப்பர்ல கப்பல்கூட விடத் தெரியாது, அந்தக் கார்டைச் செஞ்சதே அண்ணிதான், 'இதைப் பார்த்தாவது எங்க வீட்டு மனுஷனுக்கு ரோஷம் வருதா பார்ப்போம்'னு சொல்லி என் கையில குடுத்தாங்க!"