கோபுரப் பாடம் எடுத்தவன் ஃப்ரிட்ஜ் வாங்கின கதை

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஃப்ரிட்ஜ் வாங்கணும்.

தாராவியில ஒரு சந்துக்குள்ள, இரும்புப் படியேறிப் போனா மாடியில எங்க வீடு. நான், மனைவி ஜெபா, மாமியார். பழைய ஃப்ரிட்ஜ் வியாழக்கிழமை உயிரை விட்டுருச்சு. மாமியாரோட இன்சுலின் ரெண்டு நாளா ஐஸ் டப்பாவுல கிடக்கு. அதான் அவசரம்.

வெட்கமா இருந்தாலும் இன்னொண்ணையும் சொல்லிடறேன். எங்க சபையில வாலிபர்களுக்கு, பணத்தை எப்படித் திட்டம் போட்டுச் செலவு பண்ணணும்னு வேதத்துல இருந்து ஒரு வகுப்பு நடக்குது. நடத்துற மகான் நான்தான். போன வாரப் பாடம், கோபுரம் கட்டப் போறவன் முதல்ல உக்காந்து யோசிக்கணும்னு இயேசு சொன்னது. அஸ்திவாரத்தைப் போட்டுட்டு முடிக்க முடியாம நின்னா, பாக்கிறவன் எல்லாம் சிரிப்பான். இதை அரை மணி நேரம் விளக்கினேன். கையை வேற ஆட்டினேன்.

கிளம்பும்போது ஜெபா கேட்டா, "படியை அளந்துட்டீங்களா? டேப்பு டூல்ஸ் டப்பாவுலதான் கிடக்கு."

"ரெண்டு நாளா உக்காந்து பிளான் போட்டிருக்கேன். நீ டேப்பைக் காட்டுற."

பிளான் போட்டது நிஜம். எந்தக் கடையில என்ன விலை, எத்தனை வருஷம் வாரண்டி, கரண்ட் எவ்வளவு இழுக்கும், எல்லாத்தையும் ஒரு தாள்ல கட்டம் போட்டு எழுதியிருந்தேன். உயரம், அகலத்துக்கு மட்டும் கட்டம் இல்ல.

மாட்டுங்கா கடையில சேல்ஸ்மேன் தமிழர். "மூணு பேருக்கு இந்தச் சின்னதே போதும் சார்"னார்.

நான் அவரைப் பாவமாப் பாத்தேன். பக்கத்துல டபுள் டோர் நின்னுச்சு, ஆஃபர்ல. "லாங் டெர்ம்ல யோசிக்கணும் பிரதர்."

"தூக்கிட்டுப் போக வழி இருக்குல்ல சார்?"

"அதெல்லாம் பாத்தாச்சு."

பாக்கல.

டெம்போ மெயின் ரோட்டோட நின்னுருச்சு. சுமை தூக்குறவங்க ரெண்டு பேர், சந்துக்குள்ள ஃப்ரிட்ஜைப் பக்கவாட்டுல திருப்பி, மூச்சைப் பிடிச்சுக் கொண்டு வந்தாங்க. நான் மாடியில நின்னு மேல இருந்து இழுத்தேன். படி பாதியில ஒரு திருப்பம் திரும்பும். ஃப்ரிட்ஜ் திரும்பல.

அப்பத்தான் எனக்கு ஒரு ஐடியா வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிச்சா ரெண்டு இஞ்ச் மிச்சமாகும்ல. சமையல் கத்தியை எடுத்து நானே கிழிச்சேன். தெர்மகோலைக்கூட விடல. "இப்பத் தள்ளுங்க"ன்னேன்.

தள்ளினாங்க. ரெண்டு இஞ்ச் மேல ஏறி நல்லா இறுகிக்கிச்சு. இப்ப மேலயும் வராது, கீழயும் போகாது. ரெண்டு பேரும் படியில உக்காந்து டீ கேட்டாங்க.

பக்கத்து ரூம் செல்வம் அண்ணன் யூனிஃபார்மோட வெளிய வந்தார். "தம்பி, எனக்கு மூணு மணிக்கு டியூட்டி."

"அஞ்சே நிமிஷம்ணே."

அவர் இருபது நிமிஷம் நின்னார். அப்புறம் ஷூவைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு, ஜன்னல் வழியா பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில இறங்கிப் போயிட்டார். ஐம்பது வயசு மனுஷன். ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாம்.

கீழ் வீட்டுப் பார்வதி அக்கா அண்ணாந்து பாத்தாங்க. "என்ன தம்பி, இது மேல போவுதா, கீழ வருதா?"

"யோசிச்சுட்டு இருக்கோம்க்கா."

"இப்பவா?"

அதுக்குள்ள விஷயம் பரவி, என் வகுப்புப் பசங்க நாலு பேர் வந்துட்டாங்க, போனும் கையுமா. அதுல ஒருத்தன், பிரின்ஸ், ரொம்பப் பணிவாக் கேட்டான்: "அண்ணே, அஸ்திவாரத்தோட நிக்குது போல?"

மத்தவங்க சிரிச்சாங்க. பாடம் புரிஞ்சிருக்கு. வாத்தியாருக்குத்தான் புரியல.

கடைக்குப் போன் போட்டேன். "பெட்டி பிரிக்காம இருந்தா இன்னைக்கே சின்னதா மாத்திக் கொடுத்திருப்போம் சார்"னு சேல்ஸ்மேன் சொன்னார். கத்தி இன்னும் என் கையிலதான் இருந்தது.

டெம்போவைப் பாக்க இறங்கினதுல கீழயே மாட்டிக்கிட்ட ஜெபா, பார்வதி அக்காகிட்ட ஒரு டேப்பு வாங்கினா. படித் திருப்பத்தை அளந்தா, ஃப்ரிட்ஜை அளந்தா. "நாலு இஞ்ச் இடிக்குது." மொத்தம் ஒரு நிமிஷம் ஆயிருக்கும். 'சொன்னேம்லா'ன்னு ஆரம்பிப்பான்னு காத்திருந்தேன்.

அவ சுமைக்காரங்களை ஸ்பேனர் எடுக்கச் சொல்லி, படியோட கைப்பிடிக் கம்பியைக் கழட்ட வச்சா. அப்பவும் மேல திரும்ப இடம் பத்தல. ஃப்ரிட்ஜ் கீழதான் இறங்குச்சு, தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு கீறலோட.

அப்ப மாடியில இருந்து மாமியார் குரல். "மாப்பிள்ளை, ஐஸ் எல்லாம் உருகிட்டு. மருந்தை எங்க வைக்க?"

கோபமே இல்லாமக் கேட்டாங்க. இந்த மருந்துக்காகத்தானே கடைக்கே போனேன். சின்ன ஃப்ரிட்ஜை எடுத்திருந்தா மதியமே உள்ள வச்சிருப்பாங்க.

பார்வதி அக்கா கதவை அகலத் திறந்தாங்க. "எங்க வீட்டுல வைங்க. அம்மா மருந்து கெட்டுப் போவக் கூடாதுல்லா." அவங்களே தையல் மெஷினை ஓரமாத் தள்ளினாங்க. அந்த இடத்துல அளவெடுத்த மாதிரி ஃப்ரிட்ஜ் உக்காந்துச்சு. பத்து நிமிஷத்துல இன்சுலின் உள்ள போயிருச்சு.

மூணு வாரம் ஆச்சு. வித்துரலாம்னு பாத்தா, கீறல் விழுந்ததை வெளிய யாரும் கேக்கல; இந்தச் சந்துல யார் வீட்டுப் படியும் அதை ஏத்துக்காது. கரண்ட் பில் நான் கட்டறேன். தினம் காலையிலயும் சாயங்காலமும் இறங்கிப் போய், கதவைத் தட்டி, மருந்தை வாங்கிட்டு வரேன்.

நேத்து மதியம் வெயில் தாங்காம ஒரு பாட்டில் ஜில் தண்ணிக்குப் போய் நின்னேன். பார்வதி அக்கா தூக்கக் கலக்கத்துல கதவைத் திறந்து, "தம்பி, இனிமே ஒரு போன் போட்டுட்டு வாங்க"ன்னாங்க.

சொந்த ஃப்ரிட்ஜைத் திறக்க அப்பாயின்ட்மென்ட் வாங்குறவன் தாராவியில நான் ஒருத்தன்தான்.