கூரை இல்லாத மாப்பிள்ளையும் உலாத்தல் அண்ணையும்

பலெர்மோத் தமிழர் அத்தனை பேருக்கும் வெட்கத்தை அள்ளிப் பங்கிட்டுக் கொடுத்தவர் உலாத்தல் அண்ணை. தனக்கென்று ஒரு துளிகூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. தொண்ணூறுகளில் அந்த நகரத்தில் வீட்டு வேலை செய்த எந்தத் தமிழனைப் பிடித்து உலுக்கினாலும், அவரால் பட்ட அவமானம் ஒன்றாவது பொலபொலவென்று உதிரும். என்னை உலுக்க வேண்டியதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

தாய் தகப்பன் வைத்த பெயர் க்வெஸ்தூராவில் இருந்த பொலிஸ்காரருக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் உலாத்தல். கிழமை முழுவதும் ஒரு கிழட்டுப் பேராசிரியரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளுவார். ஞாயிறு வந்தால் எங்களைத் தள்ளிக்கொண்டு புறப்படுவார். நாங்கள் பாவம், பொலிதேயாமாச் சதுக்கத்தில் கூடி நின்று, யாருக்கு வதிவிட அனுமதியான பெர்மெசோ கிடைத்தது, யாரை இன்னும் இழுத்தடிக்கிறார்கள் என்று கதைத்துக்கொண்டிருப்போம். அவர் குடையோடு வந்து நிற்பார்.

“உதிலை நிண்டு ஊர்ப்புதினம் கதைக்கிறதுக்கோ கடல் தாண்டி வந்தனீங்கள்? வாங்கோ, நாடு பாப்பம்.”

நாடு பார்ப்பதென்றால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரயில் ஏறுவார். சிசிலித் தீவின் நடுவயிற்றில் ஒரு ஊர் இருக்கிறது. பெயர் சொன்னால் அந்த ஊர்க்காரர் கோபிப்பார்கள். ஆகஸ்ட் மாதம் அங்கே புல்லும் இல்லை, நிழலும் இல்லை. காகம்கூடத் தண்ணீர்ப் போத்தலோடுதான் பறக்க வேண்டும். ஊரைச் சுற்றிப் பார்ப்பதற்குக் கைவிடப்பட்ட ஒரு கந்தகச் சுரங்கம், சேறு குமிழி விட்டுக் கொதிக்கிற ஒரு சாம்பல் வெளி, குன்றின் மேல் கூரையே இல்லாத ஒரு கிரேக்கக் கோயில். இதைக் காட்டுவதற்காகத்தான் ஆண்டவன் எங்களை அகதியாக்கி அனுப்பினான் என்று உலாத்தல் மனதார நம்பினார்.

சும்மா போய்விடவும் முடியாது. பெண்கள் பட்டுச்சேலை, ஆண்கள் கோட்டும் கழுத்துப்பட்டியும். அங்கே எடுக்கிற படம் ஊருக்குப் போகிறதல்லவா! பேராசிரியர் கொடுத்த கமெரா அவர் கழுத்தில் ஆடும். ஒரு கையில் குடை, மறுகையில் புட்டுப் பார்சல், சட்டைப்பையில் சீப்பும் முகப்பவுடரும். வெயிலில் வெந்துகொண்டு இந்த ஊர்வலம் அந்த ஊரின் நடுவால் நடக்கும். அங்கே கோப்பிக்கடை வாசலில் கதிரை போட்டுக் குந்தியிருக்கும் கிழவர்கள் முதல் முறை எங்களைப் பிரேத ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்கள். அடுத்த முறை பட்டுச்சேலைகளை உற்றுப் பார்த்துவிட்டு, இல்லை, இது கலியாணம் என்று தீர்ப்பை மாற்றினார்கள். கோட்டுப் போட்டவர்களில் இளையவன் நான். ஆகவே மாப்பிள்ளை நான்தான். “அவுகுரி! அவுகுரி!” என்று ஊரே எழும்பி நின்று வாழ்த்தியது. ஒரு கிழவர் வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். எனக்கு அந்தச் சேற்றுக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது.

“அண்ணை, எனக்குக் கலியாணம் இல்லையெண்டு சொல்லுங்கோவன்.”

“ஏன் சொல்லுவான்? வாழ்த்தைத் திருப்பிக் குடுக்கிறதே? வாங்கி வையும் தம்பி, உதவும்.”

அதோடு விட்டாரா? பழசு என்றால் சாமி, அதிசயம் என்றாலும் சாமி என்பது அவருடைய சித்தாந்தம். சாமிக்கு முன்னால் செருப்போடு நிற்கலாமா? சுரங்கத்தின் வாசலில், சேற்று வெளியில், கிரேக்கக் கோயிலடியில், எங்கே போனாலும் “செருப்பைக் கழட்டுங்கோ” என்று விடுவார். வெயில் குடித்த நிலம் தோசைக்கல்லாய்ச் சுடும். பட்டுச்சேலையும் கோட்டுமாக ஒரு கூட்டம் ஒற்றைக்காலில் மாறி மாறித் துள்ளுவதைப் பார்த்த கோயில் காவல்காரன், இது எந்த நாட்டு நடனம் என்று பக்குவமாக விசாரித்தான். உலாத்தல் அவனையும் சப்பாத்தைக் கழற்ற வைத்தார். பிறகு எல்லாருமாகக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்றினோம். அவனும் வந்தான்.

இத்தனையும் நான் ஏன் பொறுத்தேன் என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு படம் தேவைப்பட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த பெரியம்மா எனக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தா. யாழ்ப்பாணத்துப் பெண். பெயர் மாலதி. அவவின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் ஒரே தரையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் படம் வந்ததும் முடிவு சொல்கிறோம் என்று பெண்வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளைப் படத்துக்குப் பலெர்மோவில் ஒரு முறை இருந்தது. பொலிதேயாமாவுக்குப் பக்கத்துத் தெருவில் ஞாயிறுகளில் யாரோ ஒரு பணக்காரனுடைய சிவப்புக் கார் நிற்கும். அதில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு காலை மடித்து நிற்க வேண்டியது. ஆனால் கமெரா வைத்திருந்த உலாத்தலோ அந்தக் காரடிக்கு வரவே மாட்டார்.

“பிறத்தியாற்றை காரிலை சாஞ்சு நிண்டு என்ன படம்? மலைக்கும் கோயிலுக்கும் பக்கத்திலை நில்லும். அது ஒருத்தற்றையும் இல்லை, எல்லாற்றையும்.”

“இந்தக் கோட்டும் பிறத்தியாற்றைதானே அண்ணை? சிஞ்ஞோராவின்ரை செத்துப்போன மனுசன்ரை.”

“கோட்டு தந்தது. கார் தந்ததோ?”

சேற்று வெளியில் ஒரு படம், கூரையில்லாக் கோயிலடியில் ஒரு படம். பவுடர் அப்பி, கோட்டும் பட்டியும் கட்டி, வெறுங்காலோடு நின்றேன். பின்னால் நாலைந்து இத்தாலியர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “நிமிரும், நிமிரும் தம்பி. தலையைத் தூக்கும்” என்று கத்திக்கொண்டே உலாத்தல் படத்தைத் தட்டினார்.

படம் போய்ச் சேர்ந்தது. சில கிழமை கழித்துப் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பெண்ணின் தகப்பனும் அலுவலாகக் கொழும்புக்கு வந்து பெரியம்மா வீட்டிலேயே நின்றிருந்தார்.

“எடேய்,” என்று பெரியம்மா குரலைத் தாழ்த்தினா. “நீ இத்தாலியிலைதான் இருக்கிறியோ? பின்னாலை கட்டடத்துக்குக் கூரை இல்லை. ஒரு மரம் இல்லை. காலிலை செருப்பும் இல்லை. கோட்டு மட்டும் இருக்கு. அங்கையும் ஷெல் அடிக்கிறாங்களோ எண்டு அந்த மனுசன் கேக்குது.”

பக்கத்தில் நின்ற உலாத்தல் தொலைபேசி வாங்கியைப் பறித்துக்கொண்டு, தகப்பனைக் கூப்பிடச் சொன்னார்.

“ஐயா, வணக்கம். அது இடிஞ்சதில்லை. அது கோயில். ரண்டாயிரம் வரியத்துக்கு மேலை பழசு. கட்டி முடிக்கேல்லையாம், அதுதான் கூரை இல்லை.”

அங்கிருந்து வந்த பதில் எனக்கே கேட்டது. “இவ்வளவு காலமும் கட்டி முடிக்காத ஆக்களோடையோ மாப்பிள்ளை இருக்கிறார்? தம்பி, எங்கடை வீட்டுக் கூரை போய் இப்ப ஓலை போட்டுக்கொண்டு இருக்கிறம். அங்கையும் கூரை இல்லாத இடத்துக்கோ பிள்ளையை அனுப்பிறது?”

உலாத்தல் வாங்கியை வைத்தார். எனக்கோ ஆத்திரம். “உங்களாலைதான் அண்ணை எல்லாம். வாங்கோ, அந்தக் கார்ப் படத்தை எடுங்கோ” என்று கத்தினேன். அவரோ, “கேட்டது கூரையைத்தானே? நீர் கோட்டைப் போட்டுக்கொண்டு உம்மடை அறையிலை நில்லும், நான் வாறன்” என்றார்.

என் அறை வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகையின் மேல்மாடி. மாளிகை என்றதும் பெருமூச்சு விடாதீர்கள். மழை பெய்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். ஒரு காலத்தில் பிரபுக்கள் நடனமாடிய மண்டபத்தைப் பலகையால் பிரித்து எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். கட்டிலுக்கு மேல் கட்டில் போட்டுப் படுத்தோம். உலாத்தல் வந்தார், அண்ணாந்து பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

“எங்கையெங்கையோ போய்ப் பழசு தேடினனான். உமக்கு மேலைதானே கிடக்கு.”

அன்றைக்குத்தான் நானும் ஒழுங்காக அண்ணாந்து பார்த்தேன். கூரை முழுக்க ஓவியம். மேகம், பூமாலை, கொழுத்த குழந்தைகள், நடுவில் நாலைந்து தேவதைகள். உலாத்தல் தரையில் மல்லாந்து படுத்தார். படத்தின் அடியில் என் தலை மட்டும் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிய, மற்ற இடமெல்லாம் கூரையாக எடுத்துத் தந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஆனாலும் அனுப்பினேன். கூரை கேட்டவர்களுக்குக் கூரை.

பெரியம்மாவின் குரல் இந்த முறை தாழவில்லை, உச்சத்தில் ஏறியது.

“கூரை இருக்கு, சரி. அதிலை உடுப்பில்லாமல் பறக்கிற பெட்டையள் ஆரடா?”

அன்றோடு என் கலியாணம் முடிந்தது என்று முடிவுகட்டிவிட்டேன். வியா மக்வேதாவில் தெரிந்தவர் எதிரில் வந்தால் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றேன். “கூரை இல்லாத மாப்பிள்ளை” என்ற பட்டம் எனக்கு முன்னால் தெருவில் நடந்து போனது. ஞாயிறுகளில் அறைக்கதவைத் திறக்கவில்லை. உலாத்தல் வாசலில் புட்டுப் பார்சலை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் படி இறங்கிப் போவார். சத்தம் போடாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு ஒரு நாள் பெரியம்மாவே சிஞ்ஞோரா வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தா. “பெட்டை ஓம் எண்டிட்டாள். ஏனெண்டு என்னைக் கேக்காதை. தகப்பன் தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்கிறார்.”

ஏன் என்று மாலதி பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கேட்டேன்.

“இத்தாலியிலையிருந்து இன்னும் மூண்டு மாப்பிள்ளையின்ரை படம் வந்தது. மூண்டு பேரும் ஒரே சிவப்புக் காரிலை சாஞ்சுகொண்டு நிக்கினம். நம்பர் தகடும் ஒண்டுதான்.” சிரித்தாள். “உங்கடை படத்திலை ஒண்டுமே இல்லை. முகத்திலை வெக்கம் மட்டும்தான் இருந்தது. இவ்வளவு வெக்கப்படுற மனுசன் பொய் சொல்லமாட்டான் எண்டு நினைச்சன்.”

அவள் வந்த முதல் ஞாயிறே உலாத்தல் குடையோடு வாசலில் நின்றார். பட்டுச்சேலை கட்டிய மாலதியோடு அந்தக் காய்ந்த ஊரின் நடுவால் நடந்தேன். கோப்பிக்கடைக் கிழவர்கள் “அவுகுரி!” என்று எழும்பினார்கள். உலாத்தல் என் பக்கம் திரும்பி, “நான் சொன்னனான்தானே, உதவுமெண்டு” என்றார். சேற்று வெளியில் யாரும் சொல்லாமலே அவள் செருப்பைக் கழற்றினாள். அதைக் கண்டதும் மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கமெராவைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார்.

பேராசிரியர் காலமான பின் அவர் இத்தாலியின் வடக்கே வேலை தேடிப் போனார். போகும்போது கமெராவை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இப்போது கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விருந்தாளிகள் வந்தால் நான்தான் அந்த ஊருக்குக் கூட்டிப் போகிறேன். அதே கோட்டுத்தான். சேற்று வெளியில் “செருப்பைக் கழட்டுங்கோ” என்று நான் சொன்னவுடன் என் பிள்ளைகள் இரண்டும் எங்களை அறியாதவர்கள் மாதிரித் தூரப் போய் நின்றுவிடும். “அப்பா, கே வெர்கோஞ்ஞா! எல்லாரும் பாக்கினம்!” என்று மகள் பலெர்மோ ராகத்தில் இழுப்பாள். என்ன வெட்கக்கேடு என்று அர்த்தம். நான் கமெராவை அவள் பக்கம் திருப்புவேன். முகம் சிவந்து, தலை குனிந்து, அப்படியே அந்த மாப்பிள்ளைப் படம். நிமிரு, நிமிரு என்பேன்.

வெட்கம் எங்கள் வீட்டில் இன்னும் தாராளமாக இருக்கிறது அண்ணை. நீங்கள்தான் இல்லை.